நம்மிடம் ஓட்டு இல்லாத தேர்தல்

நாவலூர்,
டிசம்பர் 2025 இறுதி வாரம்.

நாவலூர், சிறுசேரி, படூர், தாழம்பூர் அடுக்ககங்களில் குடியிருக்கும் நண்பர்களுக்கு,



சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் சில மாதங்கள்தான். நம் குடியிருப்புச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் லாரி, கழிவுநீர்க் குழாய், ஒரு மழைக்கே குளமாகிவிடும் சர்வீஸ் ரோடு, மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரவேண்டிய மெட்ரோ. எல்லாம் நியாயமானவை, ஒன்றையும் எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் லாரித் தண்ணீருக்கும் வீட்டுக் கடன் தவணைக்கும் பணம் எங்கிருந்து வருகிறதோ, அதைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

நம் ஊர்ச் சுங்கச்சாவடி ஞாபகம் இருக்கும். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவனும் காசு கட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. 2023 அக்டோபர் 19 முதல் நாவலூரில் வசூல் கிடையாது என்று அரசு அறிவித்தது. அங்கே காசு கட்டியவர்களுக்கு இங்கே ஓட்டு இருந்தது, அவ்வளவுதான் விஷயம். இப்போது நம் பிழைப்பின்மேல் விழுந்திருக்கும் வரிகளின் கதையே வேறு. அவற்றைப் போடுவதும் குறைப்பதும் அமெரிக்காவின் ஓஹையோவிலும் அயோவாவிலும் ஓட்டுப் போடுகிறவர்களை மனதில் வைத்து. அவற்றின் சுமையில் ஒரு பங்கு தாம்பரத்திலும் திருப்பூரிலும் இறங்குகிறது. நமக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டி நாடுவாரியாக வரி அறிவித்தார். ஒரே வாரத்தில் அதில் பெரும்பகுதியை 90 நாளுக்கு நிறுத்தினார். ஆகஸ்டு 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்டு 27 முதல் இன்னொரு 25. ஆக 50. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. ஒரே பனியனைத் திருப்பூரில் தைத்து அனுப்புவதா, இலங்கையின் கட்டுநாயக்கவில் தைத்து வாங்குவதா என்று அமெரிக்கக் கடைக்காரர் யோசிக்க வேறு காரணமே வேண்டியதில்லை.

துறைமுகத்தில் வரியைக் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர்தான், நாம் இல்லை. ஆனால் கட்டியவர் சும்மா இருப்பாரா? ஒரு பங்கைத் தன் ஊர்க்காரர்களிடம் விலையில் ஏற்றுவார், ஒரு பங்கை இங்குள்ள முதலாளியிடம் தள்ளுபடியாகக் கேட்பார். முதலாளி அதை எங்கே பிடிப்பார் என்பதை எங்கள் பிளாக்கின் செக்யூரிட்டி அண்ணன் எனக்குச் சொன்னார். அவர் மனைவிக்குத் தாம்பரம் மெப்ஸில் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் காலர் தைக்கும் லைனில் வேலை. "வேலை போகல சார், ஓ.டி. போச்சு. சம்பளம் சாப்பாட்டுக்குச் சரியாப் போயிடும். ஓ.டி.லதான் வாடகையே." செப்டம்பரிலிருந்து கூடுதல் நேர வேலை இல்லை, மாலை ஐந்தரைக்கே லைனை நிறுத்திவிடுகிறார்களாம். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அதனால் இது எந்தக் கணக்கிலும் வராது. வர்த்தகப் போர் என்று தொலைக்காட்சியில் கப்பலையும் கொடியையும் காட்டுகிறார்களே, சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரில் அது ஓ.டி. இல்லாத மாதமாகத்தான் வந்து இறங்கியது.

மெப்ஸ் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். வெளிநாட்டுக்கு விற்பதற்கென்றே வேலி போட்டுக் கட்டப்பட்ட இடம். அதனாலேயே அதில் ஒரு சிக்கல் உண்டு. மண்டலத்துக்குள் தைத்த சட்டையை வேலிக்கு வெளியே, நம் தி.நகரில் விற்கவேண்டும் என்றால், சட்டப்படி அது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு மாதிரி. முழு இறக்குமதி வரியும் கட்டியாகவேண்டும். அமெரிக்க ஆர்டர் நின்றால் திருப்பூர்க்காரராவது உள்ளூர்ச் சந்தையை நாடலாம். தாம்பரத்து யூனிட்டுக்கு அமெரிக்காவும் 50 போடுகிறது, சொந்த நாடும் வரி போடுகிறது. இந்த விதியைத் தளர்த்தச் சொல்லி ஏற்றுமதியாளர்கள் டெல்லியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையை ஒரு தேர்தல் மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இன்னொரு காட்சியையும் பக்கத்தில் வையுங்கள். ஆகஸ்டு 6 அன்று இந்தியா மீதான இரண்டாவது 25 சதவீத ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். அதே நாளில் அதே அறையில் ஆப்பிள் நிறுவனத்தின் டிம் குக் நின்றுகொண்டிருந்தார். அமெரிக்காவில் கூடுதலாக 10,000 கோடி டாலர் முதலீடு செய்வதாகச் சொல்லி, தங்க அடித்தட்டு வைத்த ஒரு கண்ணாடி வட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஸ்மார்ட்போன்களுக்கு ஏப்ரலிலேயே கிடைத்த விலக்கு அப்படியே தொடர்ந்தது. ஆக ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய ஐபோன் அந்த வரி இல்லாமல் அமெரிக்கா போகிறது, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் தாம்பரத்தில் தைத்த சட்டைக்கு 50-க்கு மேல். இந்த வித்தியாசத்துக்கும் ரஷ்ய எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐபோன் விலை ஏறினால் அமெரிக்க ஓட்டர் கூச்சல் போடுவார். சட்டை சென்னையிலிருந்து வராவிட்டால் டாக்காவிலிருந்து வரும், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. டிம் குக்கைப் போல ஒரு காலர் லைன் தொழிலாளி போய் நிற்கும் அறையும் எங்கும் இல்லை.

அங்கே வரியும் ஓட்டும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்குப் பழைய சாட்சிகள் நிறைய. 2002 மார்ச்சில் ஜார்ஜ் புஷ் இறக்குமதி எஃகுக்கு 30 சதவீதம் வரை வரி போட்டார். பென்சில்வேனியா, ஓஹையோ, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் எஃகு ஆலை ஓட்டுகள் அதற்குப் பின்னால் இருந்தன. ஐரோப்பியர்கள் பதிலுக்குத் துப்பாக்கி எடுக்கவில்லை, அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தை எடுத்தார்கள். இழுபறி மாநிலமான ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுமீது பதில்வரி போடுவோம் என்றார்கள். 2003 டிசம்பரில் புஷ் எஃகு வரியை விலக்கிக்கொண்டார். 2018-இல் சீனா சோயாவைக் குறிவைத்தது, அயோவா விவசாயிகள் துடித்தார்கள். ஐரோப்பா போர்பன் விஸ்கியையும் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளையும் பிடித்தது. விஸ்கி நாடாளுமன்ற மேலவைப் பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் கென்டக்கி, மோட்டார் சைக்கிள் கீழவை சபாநாயகரின் விஸ்கான்சின். விவசாயிகளைச் சமாதானப்படுத்த டிரம்ப் நிர்வாகம் இரண்டு தவணையாக 2,800 கோடி டாலர் உதவி அறிவித்தது.

இதன் கணக்கை டேவிட் ஆட்டர் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் பிறகு போட்டுப் பார்த்தார்கள். 2024-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின் முடிவை நான் இரண்டு தடவை படித்தேன். 2018-19 வரிகளால் பாதுகாக்கப்பட்ட தொழில்களில் வேலைவாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதில்வரிகளால் விவசாயத்தில் வேலை போனது, மானியம் அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டியது. ஆனால் வரிப் பாதுகாப்பு கிடைத்த வட்டாரங்களில் டிரம்புக்கு ஆதரவு கூடியிருக்கிறது. தொழிற்சாலை திறக்காமலேயே ஓட்டு விழுந்திருக்கிறது. "எங்களுக்காக ஒருத்தன் சண்டை போடறான்" என்ற எண்ணத்துக்கு விழுந்த ஓட்டு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!

வரிக்கும் ஓட்டுக்குமான இந்தப் பின்னல் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2025 நவம்பர் 4 அன்று நியூஜெர்சி, வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்களிலும் நியூயார்க் மேயர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. பிரசாரம் முழுக்க விலைவாசி. பத்தே நாளில், நவம்பர் 14 அன்று, காபி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி, மசாலாப் பொருட்கள் ஆகியவற்றுக்கு டிரம்ப் வரிவிலக்கு ஆணை போட்டார். உலக வர்த்தக அமைப்பில் வருடக்கணக்கில் வழக்காடினாலும் வராத விலக்கு மூன்று ஊர்த் தேர்தலில் வந்தது. காபியை அமெரிக்கர்கள் தினமும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். டிசம்பரில் விவசாயிகளுக்கு மறுபடி 1,200 கோடி டாலர். 2026 நவம்பரில் அங்கே நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் வருகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதுவரை நம் வரி விகிதம் மழைக்கால வானிலை அறிக்கை மாதிரிதான் இருக்கும்.

இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1890-களில் வெள்ளைக்கார அரசு பணத்தட்டுப்பாட்டுக்காக இறக்குமதித் துணிக்கு வரி போட வேண்டியிருந்தது. லங்காஷயர் ஆலைக்காரர்களும் அவர்களுடைய எம்.பி.க்களும் கொதித்தார்கள். அவர்களைக் குளிர்விக்க, 1896-இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம், இந்திய ஆலைகளில் நெய்த துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் உற்பத்தி வரி என்று சமன் செய்தார்கள். பெரம்பூர் பின்னி ஆலையில் நெய்தவனுக்கு மான்செஸ்டரில் ஓட்டு இல்லை. அந்த உற்பத்தி வரியை நிறுத்திவைக்க 1925 டிசம்பர் வரை ஆயிற்று.

நம்மவர்கள் மட்டும் சுத்தமா? 2019 ஜூனில் அமெரிக்கா நமக்கான வரிச்சலுகையைப் பறித்தபோது, நாம் பாதாம், ஆப்பிள், வால்நட் உள்ளிட்ட 28 பொருட்களுக்குப் பதில்வரி போட்டோம். கலிஃபோர்னியாவுக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் வலிக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். 2023-இல் அதை விலக்கியபோது இமாச்சல் ஆப்பிள் விவசாயிகளுக்கு வலித்தது. தேர்தல் நெருங்கும்போது நாம் போடும் ஏற்றுமதித் தடைகளும் ஒருவகையில் வர்த்தகப் போர்தான், எதிரியாக நிற்பது நம் விவசாயி. 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. அமெரிக்காவிலுள்ள இந்தியக் கடைகளில் அரிசி மூட்டைக்கு அடிதடி, சிங்கப்பூர் தனியாகக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டது. டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை. மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருக்க, மகாராஷ்டிரத்தின் வெங்காய வட்டாரம் ஓட்டுப்போட இரண்டு வாரம் இருக்கும்போது, 2024 மே 4 அன்று தடை நீங்கியது. நாசிக்கும் திண்டோரியும் கோபம் தணியாமலேயே ஆளுங்கூட்டணியைத் தோற்கடித்தன. அரிசித் தடை மக்களவைத் தேர்தல் முடிந்து செப்டம்பரில் விலகியது. தேதிகளைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருடமும் அப்படித்தான். அமெரிக்கா நம்மிடம் மக்காச்சோளத்துக்கும் பால் பொருட்களுக்கும் சந்தையைத் திறக்கச் சொல்கிறது. மக்காச்சோளம் அதிகம் விளையும் பீகாரில் நவம்பரில் தேர்தல். ஆகஸ்டு 7 அன்று, வரி அமலுக்கு வந்த அதே நாள், டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் மோடி, விவசாயி, மீனவர், பால் உற்பத்தியாளர் நலனில் சமரசம் கிடையாது, தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்க நேர்ந்தாலும் தயார் என்றார். சுவாமிநாதன் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனம் நம் ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய தரமணியில் இருக்கிறது. அந்த மேடையில் அந்த வாக்குறுதி பொருத்தமானதே. சிறு விவசாயியைக் காப்பாற்றவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பிரதமர் விலை கொடுப்பதாகச் சொன்னாரே, அந்த விலையை மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருப்பது மெப்ஸ் காலர் லைன். விவசாயிகளுக்குச் சங்கம் இருக்கிறது, 2020-21-இல் டெல்லி எல்லையில் ஒரு வருடம் உட்கார்ந்த அனுபவம் இருக்கிறது, அதனால் பேச்சுவார்த்தை மேஜையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது. அங்கே ஏற்றுமதித் தொழிலாளிக்கு நிற்க இடமில்லை.

நமக்கு மட்டும் என்ன, இங்கே எல்லோரும் ஐ.டி.தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மென்பொருள் எந்தத் துறைமுகத்திலும் இறங்குவதில்லை, ஆகவே இதுவரை சுங்க வரியில் நாம் தப்பித்தோம். அதற்காகப் பார்வை நம் மேல் விழாமல் இல்லை. செப்டம்பர் 5 அன்று ஓஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ ஒரு மசோதா கொண்டுவந்தார். அமெரிக்க நிறுவனம் வெளிநாட்டில் ஆள் வைத்து வேலை வாங்கினால், அதற்குக் கொடுக்கும் பணத்தில் 25 சதவீத வரி. சட்டமாகவில்லை, ஆகாமலும் போகலாம். ஆனால் கிளையன்ட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, இந்த வருட ஒப்பந்தத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட இந்தப் பேச்சே போதும். இரண்டு வாரம் கழித்து எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வருவதற்குள், எத்தனை பேர் ஊருக்கு வந்த விடுமுறையைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடினார்கள் என்பது உங்கள் வாட்ஸப் குழுக்களிலேயே இருக்கிறது. ஓஹையோவில் மொரேனோவுக்கு விழுகிற ஓட்டு சிறுசேரியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் பிராஜக்ட்டைத் தீர்மானிக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஓ.டி. போன செக்யூரிட்டி வீட்டுக்கும் நமக்கும் இடையில் இருப்பது இன்னும் ஒரு மசோதா.

நம் கட்சிகள் என்ன செய்தன? முதலமைச்சர் ஸ்டாலின் ஆகஸ்டில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இந்திய ஏற்றுமதியில் 20 சதவீதம்தான் அமெரிக்காவுக்குப் போகிறது, தமிழ்நாட்டின் 5,210 கோடி டாலர் ஏற்றுமதியில் 31 சதவீதம் போகிறது, ஆகவே அடி இங்கேதான் பலமாக விழும் என்று அதில் கணக்கு இருந்தது. செப்டம்பர் 2 அன்று தி.மு.க. கூட்டணி திருப்பூரில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. கணக்கு சரி, கோபமும் சரி. ஆனால் எல்லா விரலும் டெல்லியை நோக்கி நீண்டதே தவிர, கோட்டையின் கையில் இருப்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. மின்கட்டணத்தைப் பற்றித் திருப்பூர், கோவை ஆலைகள் எத்தனை முறை முறையிட்டன! மறுபக்கத்தில் பா.ஜ.க.வினர், பிரதமர் டிரம்புக்குப் பணியவில்லை என்பதையே சாதனையாகச் சொல்கிறார்கள். பணியாமல் இருந்தது பெருமைதான், வாடகைக்கு அது ஆகாது. டெல்லி ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை ஆகஸ்டு 19 முதல் நிறுத்தியது, நவம்பரில் ஏற்றுமதி ஊக்கத்துக்கு 25,060 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, கடனுக்கு உத்தரவாதமும் சேர்த்தது. எல்லாம் முதலாளியின் கடன் கணக்கு வரை போகும் உதவிகள். லைனில் நிற்பவரின் சம்பளச் சீட்டு வரை எதுவும் வரவில்லை.

பட்டியலில் சேர்க்கச் சொல்வது மூன்றை. முதலாவது, மெப்ஸ் போன்ற மண்டலங்களில் தைத்ததை, இந்த வரிக்காலம் முடியும்வரையாவது, குறைந்த வரியில் உள்நாட்டில் விற்க அனுமதி. இதை டெல்லிதான் செய்யவேண்டும். அதற்காக நம் எம்.பி.யை நெருக்குவேன் என்று சட்டமன்ற வேட்பாளர் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டாவது, இ.எஸ்.ஐ.யில் 2018 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்கு முதலில் ஊதியத்தில் 25 சதவீதம் கொடுத்தார்கள், 2020-இல் அதை 50 ஆக்கினார்கள், 90 நாள் வரை கிடைக்கும். இது இருப்பதே பாதித் தொழிலாளிகளுக்குத் தெரியாது என்பது என் அனுமானம். எங்கள் செக்யூரிட்டி அண்ணனுக்கும் தெரியாது. வேலை போனால்தான் அதுவும், வேலைநேரம் குறைந்தவருக்கு ஒன்றும் கிடையாது. வரியால் வேலைநேரம் குறைந்த யூனிட்டுகளுக்கு மாநில அரசு ஒரு ஊதிய ஈட்டுநிதி வைக்கலாம். அமெரிக்காவிலேயே வர்த்தகத்தால் வேலை இழந்தவர்களுக்கு உதவியும் பயிற்சியும் தர 1962-இல் சட்டம் செய்து, அறுபது வருடம் நடத்தினார்கள். 2022-இல் அதைக் காலாவதியாக விட்டுவிட்டு, இப்போது வரி போட்டுக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். மூன்றாவது நம்மைப் பற்றியது. ஐ.டி. நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்தால் எத்தனை பேர், என்ன காரணம், என்ன ஈட்டுத்தொகை என்று தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தாகவேண்டும் என்பதை மாநில அரசு கறாராக அமல்படுத்தவேண்டும். ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது இந்தச் சாலையில் சகஜம், உங்களுக்குத் தெரியாததா?

இதையெல்லாம் கேட்க முதலில் ஓட்டு இங்கே இருக்கவேண்டும். நம்மில் எத்தனையோ பேருக்கு ஓட்டு இன்னும் திருநெல்வேலியிலும் மதுரையிலும் கிடக்கிறது, சிலருக்கு இப்போது அங்கேயும் இல்லை. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. நாம் திருப்போரூர் தொகுதி. நமக்கு வடக்கே, வாக்காளர் எண்ணிக்கையில் 2021-இல் மாநிலத்திலேயே பெரிய தொகுதியாக இருந்த சோழிங்கநல்லூரில், அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் பாதிக்குச் சற்று மேல். ஓட்டே போடாத அடுக்ககத்தின் சம்பளக் கவலைக்கு எந்த வேட்பாளர் காதுகொடுத்துக் கேட்பார்?

பெயர் விட்டுப்போனவர்களுக்குப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. ஜனவரி 18 வரை நேரம் தந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முன் செய்துவிடுங்கள். சங்கங்களின் ஜனவரிக் கூட்டத்தில் மேலே சொன்ன மூன்றையும் தண்ணீருக்கும் மெட்ரோவுக்கும் அடுத்த எண்ணில் சேர்க்கவேண்டுகிறேன். கூட்டத்துக்குச் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் குடும்பங்களையும் கூப்பிடுங்கள். மெப்ஸில் வேலை செய்கிறவர்கள் பலர் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், வேட்பாளரிடம் ஓ.டி. கணக்கை அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
நாவலூர்வாசி ஒருவன்